பழகிவிட்ட நஞ்சு

கடலுக்கடியில் மீனைப் போல் ஓடிச் சென்று கப்பலின் வயிற்றைக் கிழிக்கும் டார்பிடோவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். போர்ச் செய்திகளிலே அடிபடும் பெயர் அது. வானூரிலும் மரக்காணத்துக் கரையிலும் இயக்கப் பணியாற்றும் தோழனுக்கும் அந்தக் கணைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். கணையோடு நமக்குத் தொடர்பில்லை. ஆனால் அந்தக் கணைக்குள் ஊற்றப்படும் எண்ணெயைக் கையாளும் தொழிலாளி ஒருவன் இருக்கிறான். அவன் உடல் படும் பாட்டை உலகம் எவ்வாறு அளந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை அறிந்துகொண்டால், நம் கண்ணெதிரே உப்புப் பாத்தியில் நிற்கும் மனிதனின் உடலை ஏன் எவரும் அளக்க முன்வரவில்லை என்ற கேள்வி தானே எழும். அந்தக் கேள்விக்காகவே இன்று எழுதுகிறேன்.

இரண்டு கோடியில் ஒரு பங்கு

அமெரிக்கக் கடற்படை 1960-களிலிருந்து தன் டார்பிடோக்களுக்கு ஊற்றிவரும் எண்ணெய்க்கு ஓட்டோ எரிபொருள் என்று பெயர். செம்மஞ்சள் நிறம், எண்ணெயைப் போன்ற கொழகொழப்பு. அதில் முக்கால் பங்கு புரோப்பிலீன் கிளைக்கால் டைநைட்ரேட் என்னும் வேதிப்பொருள். டைனமைட்டில் உள்ள நைட்ரோ கிளிசரினுக்கு அது நெருங்கிய உறவு. எரிவதற்குக் காற்று வேண்டாம். தன் பிராணவாயுவைத் தானே சுமந்துகொண்டிருப்பது. அதனாலேதான் நீருக்கடியில் ஓடும் கணைக்கு அது உகந்ததாயிற்று. நம் நாட்டுக்கும் அது அயலானது அன்று. அரக்கோணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திற்கு 2013 முதல் வந்த நெடுந்தூரக் கண்காணிப்பு விமானங்களுக்காக நம் அரசு வாங்கிய டார்பிடோக்களும் இந்த எரிபொருளில் ஓடும் வகையினவே. அங்குப் பணிபுரிவோர்க்குத் தீங்கு நேர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த எண்ணெயின் குணத்தை மட்டுமே சொல்ல வருகிறேன்.

அந்த எண்ணெயின் ஆவி மூக்கின் வழியாகவும், எண்ணெய் தோலின் வழியாகவும் உடலுக்குள் புகும். புகுந்ததும் இரத்தக் குழாய்கள் விரியும். தலை பிளந்துவிடும்போல் வலிக்கும். மூக்கு அடைக்கும், கண் எரியும், அளவு மிகுந்தால் நிற்கும் மனிதன் நிலை தடுமாறுவான். 1974ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், மனமொப்பி முன்வந்தவர்களை அளந்து கலந்த ஆவியில் அமர்த்திச் சோதித்தனர். பத்து லட்சம் பங்கு காற்றில் 0.2 பங்கு ஆவி இருந்தபோதே பெரும்பாலோர்க்குத் தலைவலி கண்டது, 0.5 பங்கை எட்டியபோது உடலின் சமநிலை குலைந்தது. 1981இல் டார்பிடோப் பராமரிப்புத் தொழிலாளரின் கண்ணசைவை வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து, ஆவி பட்டதன் விளைவைக் கண்டனர். 1987இல் வெளியான மற்றோர் ஆய்வு, இந்த எரிபொருளோடு பழகிய கடற்படையினரிடையே மாரடைப்பும் நெஞ்சுவலியும் மற்றவரினும் மிகுந்திருந்ததைக் காட்டியது.

இவற்றின் பயனாக ஒரு வரம்பு பிறந்தது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்யும் தொழிலாளி சுவாசிக்கும் காற்றில், பத்து லட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் அந்த ஆவி இருக்கலாகாது என்று அமெரிக்கத் தொழில் நலவியலார் வரையறுத்தனர். நம் கணக்கிலே சொன்னால், இரண்டு கோடிப் பங்கு காற்றில் ஒரே ஒரு பங்கு! அதற்கு மேல் போனால் தொழிலாளிக்குத் தீங்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

தோழர்களே, அந்த எண்ணிக்கையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மனிதனின் உடல் அவ்வளவு நுட்பமாக அளக்கப்படக்கூடியது. அளக்க வேண்டும் என்ற மனமிருந்தால் அளக்க வழி கிடைக்கும். போருக்குப் போகும் கணையைத் தொடும் கை நடுங்கக்கூடாது. நடுங்கினால் கணைக்குக் கேடு, கப்பலுக்குக் கேடு, அரசுக்குக் கேடு. ஆகவே அந்தக் கையை அளந்தார்கள். உப்பு வாரும் கை நடுங்கினால் எவர்க்குக் கேடு? அந்தக் கைக்குரியவனின் குடும்பத்திற்கு மட்டுமே. ஆகவே அதை அளப்பாரில்லை.

திங்கட்கிழமைத் தலைவலி

இந்த வரலாற்றில் இன்னொரு பாடம் இருக்கிறது. அதுதான் நமக்கு முதன்மையானது.

நைட்ரேட் வகை எண்ணெயைத் தொட்டு வேலை செய்பவனுக்கு முதல் நாள் தலைவலி மண்டையைப் பிளக்கும். இரண்டாம் நாள் குறையும். நான்கைந்து நாளில் வலி அறவே நின்றுவிடும். "பழகிவிட்டது" என்பான். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. திங்களன்று மீண்டும் ஆலைக்குள் நுழைவான். மீண்டும் தலை வெடிக்கும். டைனமைட் ஆலைகளில் இதற்குத் திங்கட்கிழமைத் தலைவலி என்றே பெயர் வைத்தார்கள். சிலர் விடுமுறைக்கும் ஒரு துளி வேதிப்பொருளைத் தொப்பியில் தடவிக்கொண்டு போனார்களாம், வலி திரும்ப வராதிருக்க!

பின்னாளில் மருத்துவர் கண்டது என்ன? வலி நின்றது நலத்தின் அறிகுறி அன்று. நஞ்சு ஓயாமல் விரித்துக்கொண்டே இருந்த இரத்தக் குழாய்களை, உடல் தன் முழு வலிமையோடு எதிர்த்துச் சுருக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. நஞ்சு இல்லாத விடுமுறை நாளில் அந்தப் பிடி மட்டும் எஞ்சும். இதயத்துக்குப் போகும் குழாயும் இறுகும். நோயற்ற இளைஞர்களும் விடுமுறை முடியும் தறுவாயில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். பழகிவிட்டது என்று எந்த உடல் சொல்லிற்றோ, அந்த உடலுக்குள்ளேதான் சாவு வளர்ந்துகொண்டிருந்தது.

பழகிவிட்டது! இந்தச் சொல்லை நீங்கள் எங்கே கேட்டிருக்கிறீர்கள், தோழர்களே?

வெள்ளைக் குவியலுக்குப் பின்னால்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடந்து போகின்றவர்கள் பேருந்தின் சன்னல் வழியாக அந்தக் காட்சியைக் கண்டு வியக்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடிபோல் பாத்திகள்; வரப்போரம் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள். மூவாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட உப்பளம். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊரே என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். அத்துணைப் பழைமை வாய்ந்த கரை.

பேருந்து ஓடிவிடும். காட்சியில் நின்ற மனிதர்கள் அங்கேயே நிற்பார்கள். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி, வாருபலகையால் உப்பை வாரி, வரப்புக்குச் சேர்த்து, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டும் ஆண்களும் பெண்களும் அவர்கள். கடல்நீரைக் காட்டிலும் பன்மடங்கு உப்பேறிய நீரிலே கால் ஊறுகிறது. பாதம் வெடிக்கிறது, வெடிப்பிலே உப்பு இறங்குகிறது. மேலே சூரியன் ஒன்று. கீழே வெள்ளைப் பரப்பில் எதிரொளிக்கும் சூரியன் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே கண் கூசிக் கூசி மங்குகிறது. மரமில்லை; நிழலில்லை; உவர் மண்ணில் குடிநீரில்லை.

"கால் எரியவில்லையா?" என்று கேளுங்கள். "பழகிப்போச்சு" என்பார்கள். "கண் கூசவில்லையா?" "பழகிப்போச்சு." டைனமைட் ஆலைத் தொழிலாளி சொன்ன அதே சொல்! குஜராத்தின் கட்ச் பாலைவனத்தில் உப்பெடுக்கும் அகரியா மக்களைப் பற்றி ஒரு செய்தி சொல்லப்படுவதுண்டு. அவர்கள் இறந்தால் சிதையில் உடல் எரிந்துவிடும்; உப்பிலே இறுகிப்போன பாதங்கள் மட்டும் எரியாமல் எஞ்சுமாம். உயிரோடிருக்கையில் எரிச்சல் பழகிப்போன கால், இறந்த பின்னும் நெருப்புக்குப் பழகிவிடுகிறது போலும்!

பழக்கத்தின் அடியில் என்ன நடக்கிறது என்பதைச் சிலர் அளக்கவும் தொடங்கியிருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டில் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரைச் சோதித்தார்கள். ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர், மனித உடல் பாதுகாப்பாகத் தாங்கத்தக்க வெப்ப வரம்புக்கு மேலேயே உழைத்துக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கு 7 பேர்க்குச் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருந்தது. வெயிலிலே வியர்வையாக நீர் வெளியேறுகிறது. உள்ளே போகும் நீரோ போதவில்லை. நாள்தோறும் வறண்டு வறண்டு சிறுநீரகம் தன் வேலையைச் சிறிது சிறிதாகக் கைவிடுகிறது. வலியில்லை, ஓசையில்லை. தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

பெண்களின் நிலை அதனினும் கொடிது. வெட்டவெளியிலே கழிப்பறை ஏது? ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாத இடத்தில் ஒரு பெண் என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வாள். தாகத்தையும் பழகிக்கொள்வாள். ஒரு கழிப்பறை இல்லாத குறை அந்தத் தாயின் சிறுநீரகத்தில் போய் முடிகிறது. இதை விதியென்று சொல்லலாமா? வெயிலை இயற்கை தந்தது. கழிப்பறை இல்லாமையையும் இயற்கையா தந்தது?

எக்கியார்குப்பத்தின் பாடம்

டார்பிடோவுக்கும் இந்தக் கரைக்கும் இன்னொரு கசப்பான ஒற்றுமை உண்டு. ஓட்டோ எரிபொருள் வருமுன், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க டார்பிடோக்கள் வீரியமிக்க சாராயத்தால் ஓடின. போரின் அலுப்பிலும் அச்சத்திலும் உழன்ற மாலுமிகள் அதைத் திருடிக் குடித்தார்கள். குடிப்பதைத் தடுக்க அதிலே மெத்தனால் கலக்கப்பட்டது. அதையும் ரொட்டியிலே வடிகட்டிக் குடித்தார்கள். மெத்தனால் ரொட்டிக்குக் கட்டுப்படுமா? கண்ணிழந்தவர் உண்டு, உயிரிழந்தவர் உண்டு.

2023ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நடந்தது என்ன? அதே மெத்தனால். ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் பொருள், சாராயம் என்ற பெயரில் உழைத்துக் களைத்த மீனவக் குப்பத்துக்குள் வந்தது. உடலுக்குள் போன மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிற்று. அந்த அமிலம் முதலில் பார்வை நரம்பைத் தாக்கும். பிறகு உயிரைக் குடிக்கும். விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 பேர் மாண்டார்கள். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் உயிர்கள் போயின. ஓராண்டு கழிந்து 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதே நஞ்சுக்கு இரையாயினர்.

இங்கே ஒரு முரண்பாட்டைப் பாருங்கள். தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் மெத்தனாலுக்கும் வரம்பு இருந்தது: ஆலைக் காற்றில் பத்து லட்சத்துக்கு 200 பங்குக்கு மேல் அதன் ஆவி இருக்கலாகாது. ஆலைச் சுவருக்குள் ஆவிக்கு வரம்பு! சுவரைத் தாண்டி வந்து குடிசையில் கைமாறிய திரவத்துக்கு வரம்பில்லை, காவலில்லை. ஆலையை விட்டு எத்தனை பீப்பாய் வெளியேறிற்று, எவரிடம் சேர்ந்தது என்று கணக்குக் கேட்கும் கண் இருந்திருந்தால் அந்தப் பதினான்கு வீட்டிலும் இன்று விளக்கு எரியும்.

சாவு நேர்ந்த பின்னர் எல்லோரும் வந்தார்கள். அமைச்சர் வந்தார், ஆட்சியர் வந்தார், நாமும் போனோம். இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே இரவில் பதினான்கு பேரைக் கொல்லும் நஞ்சுதான் செய்தியாகிறது. இருபது ஆண்டுகளில் ஒவ்வொருவராய்க் கொல்லும் வெயிலும் உப்பும் செய்தியாவதில்லை. மெதுவாகச் சாகிறவனுக்கு ஆட்சியர் வருவதில்லை. மெதுவாகச் சாகிறவன் வீட்டுக்கு நாம்தான் போனோமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

உப்பளம் தொழிற்சாலையா என்ற வழக்கு ஒரு காலத்தில் உச்ச நீதிமன்றம் வரை போனது. அர்தேஷிர் பிவண்டிவாலா என்பவருக்கும் பம்பாய் அரசுக்கும் நடந்த வழக்கு அது. கட்டடமில்லாத வெட்டவெளி எவ்வாறு தொழிற்சாலையாகும் என்று வாதிடப்பட்டது. கடல்நீரை உப்பாக்குவதும் உற்பத்தியே, திறந்த வெளியும் தொழிற்சாலை வளாகமாகலாம் என்று 1961இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பொருள் என்ன? குடிநீர், கழிப்பறை, ஓய்விடம், முதலுதவி ஆகியவை உப்பளத் தொழிலாளிக்குக் கருணையால் கிடைக்க வேண்டியவை அல்ல. உரிமையால் கிடைக்க வேண்டியவை.

ஆனால் சட்டத்தின் வாசலில் ஓர் எண்ணிக்கை காவல் நின்றது. மின்விசை இருந்தால் பத்துப் பேர், இல்லாவிடில் இருபது பேர் வேலை செய்யும் இடமே 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்சாலை. அந்தக் காவலையும் இப்போது உயர்த்திவிட்டார்கள். 2020ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பத்தை இருபதாக்கியது, இருபதை நாற்பதாக்கியது. ஒரே வெளியில் நூற்றுக்கணக்கானோர் உழைத்தாலும், குத்தகைக்குக் குத்தகை பத்துப் பேராய்ப் பன்னிரண்டு பேராய்ப் பிரித்துக் கணக்கெழுதினால் சட்டத்தின் பார்வையில் அங்கே தொழிற்சாலையே இல்லை! வரப்புத்தான் பாத்தியைப் பிரிக்கிறது என்று நினைத்தோம், உரிமையையும் பிரிக்கிறது.

நோய்களின் பட்டியலும் அப்படியே. ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் ஆகியவை அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்களாகச் சட்ட அட்டவணையில் இருக்கின்றன. வெயிலில் உழைத்துச் சிறுநீரகம் கெடும் நோய்க்கு அதில் இடமில்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் உதவி உண்டு என்றது. வரவேற்கிறோம். ஆனால் அந்த உதவியும் சாவுக்குத்தான். சாகாமல் காக்கும் நிழலுக்கு அன்று.

இரண்டு மறுப்புகள்

உப்பை நஞ்சோடு ஒப்பிடலாமா என்று ஒருவர் கேட்கலாம். உப்பு நஞ்சன்று; உண்மை. வெயிலும் நஞ்சன்று, காற்றும் நஞ்சன்று. ஆனால் அளவு மீறினால் எதுவும் உடலைக் கெடுக்கும். அளவு பேணினால் டார்பிடோ எண்ணெயோடும் மனிதன் பணிபுரிகிறான். வேறுபாடு பொருளில் இல்லை, அளப்பதில் இருக்கிறது. அங்கே இரண்டு கோடியில் ஒரு பங்கை அளந்து கதவடைக்கிறார்கள். இங்கே முழு வெயிலையும் தலையில் கவிழ்த்துவிட்டு, பழகிக்கொள் என்கிறார்கள்.

சிறு குத்தகைதாரனால் இதையெல்லாம் தாங்க முடியுமா, உப்பின் விலையே கட்டுப்படியாகவில்லையே என்று மற்றொருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி, தட்டிக்கழிக்கலாகாது. மழை ஒரு வாரம் முந்தினால் அவன் முதலும் கரைந்துபோகும். அவனும் நமக்குப் பகைவன் அல்லன். ஆனால் மரக்காணத்து உப்பு நிலத்தில் பெரும்பகுதி எவருடையது? மத்திய, மாநில அரசுகளுடையது. நிலத்துக்குச் சொந்தக்காரன் அரசு. குத்தகைப் பணம் வாங்குவது அரசு. எழுதிக் கொடுக்கும் குத்தகைச் சீட்டில் நாலு வரி சேர்க்கப் புதிய சட்டம் வேண்டுமா? இத்தனை பாத்திக்கு ஒரு நிழற்கூடம், ஒரு குடிநீர்த் தொட்டி, பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்று எழுதி, அந்தச் செலவைக் குத்தகைத் தொகையில் கழித்துக்கொள்ளட்டும். கூலி கொடுப்பவனும் கெடமாட்டான். கூலி வாங்குபவனும் சாகமாட்டான்.

இது பயன் தருமா என்ற ஐயமும் வேண்டா. மத்திய அமெரிக்காவில், நிகரகுவா முதலிய நாடுகளில், கரும்பு வெட்டும் இளைஞர்கள் சிறுநீரகம் கெட்டு ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அங்கே கண்ட மருந்து மூன்று சொல்லில் அடங்கும்: நீர், நிழல், ஓய்வு. வெட்டுவோர்க்கு வேளைதோறும் நீரும், வயலுக்கே வரும் நிழற்பந்தலும், கட்டாய ஓய்வும் கொடுத்த இடத்தில் சிறுநீரகக் கேடு குறைந்தது. கடையில் விற்கும் மருந்தன்று இது. ஓர் ஓலைப் பந்தலும் ஒரு குடம் நீரும் ஒரு மணி நேர ஓய்வும்தான்!

நம் பங்கு

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். அரசைக் குறை கூறிவிட்டுக் கலைந்து போவது எளிது. அதற்கு ஓர் இயக்கம் தேவையில்லை.

1930இல் வேதாரண்யத்தில் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து நடந்தே போனவர்களை இந்த நாடு மறக்கவில்லை. உப்புக்கு வரி கட்டமாட்டோம் என்றார்கள். வெள்ளையனோடு அந்த வரியும் போயிற்று. ஆனால் உப்பை எடுத்தவனின் கால் வெடிப்பு அன்றும் இருந்தது; இன்றும் இருக்கிறது. உப்பின் விடுதலையைப் பாடினோம். உப்பெடுப்பவனின் விடுதலையை மறந்தோம்.

நம் கோரிக்கைப் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். முதலில் கூலி, அடுத்து மழைக்கால நிவாரணம், அடுத்து வீட்டுமனை. உடல்நலம் எங்கே? கடைசி வரியில், "மற்றும்" என்ற சொல்லுக்குப் பின்னால்! கூலி வேண்டும், எவர் மறுத்தார்? ஆனால் ஐம்பது ரூபாய் கூட்டி வாங்கிக் கொடுத்த கூலி, ஐம்பது வயதில் சிறுநீரக மருத்துவத்துக்குப் போய்விடுமானால் நாம் வென்றதென்ன? தொழிலாளிக்குப் பழகிப்போனது போலவே நமக்கும் பழகிப்போயிற்று. அவன் கால் வெடிப்பைக் கண்டு கண்டு நம் கண்ணும் மரத்துவிட்டது. நோய் அவன் உடலில் மட்டும் இல்லை; நம் பார்வையிலும் இருக்கிறது.

ஆகவே, கிளைத் தோழர்கள் முன்னால் சில பணிகளை வைக்கிறேன்.

முதலாவது, அளக்கத் தொடங்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு பாத்திக் கூட்டத்திலும் எத்தனை பேர், எத்தனை ஆண்டுகளாக, எத்தனை மணி நேரம், குடிநீர் எவ்வளவு தொலைவில், கழிப்பறை உண்டா, கண் மங்கியவர் எத்தனை பேர், சிறுநீர் கடுத்துப் போகின்றவர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். எவருடைய பெயரையும் வெளியிட வேண்டா; எண்ணிக்கையே பேசும். எண்ணப்படாத துன்பத்துக்கு ஆட்சியரின் மேசையில் இடமில்லை.

இரண்டாவது, மருத்துவத்தைப் பாத்திக்கு அழைத்து வாருங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீடு தேடி வருகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. நல்லது. விடியுமுன் வீட்டை விட்டுப் போனவனை வீட்டில் தேடினால் கிடைப்பானா? பாத்தி தேடி வரட்டும். ஆண்டுக்கொரு முறை சிறுநீரகச் சோதனையும் கண் சோதனையும் சேரட்டும்.

மூன்றாவது, குத்தகைச் சீட்டில் நீர், நிழல், கழிப்பறை, உச்சி வெயிலில் கட்டாய ஓய்வு ஆகிய நான்கு நிபந்தனைகளை எழுதச் செய்யுங்கள். காலுறையும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தால் தொழிலாளியே கழற்றி எறிகிறான் என்று சிலர் சொல்வார்கள். உப்புநீர் உள்ளே புகுந்து புண்ணை அறுக்கும் காலுறையை எவன்தான் அணிவான்? அணியத்தக்கதைக் கொடுக்கச் சொல்லுங்கள். தேர்ந்தெடுக்கும்போது பாத்தியில் நிற்பவனைக் கேட்கச் சொல்லுங்கள்.

நான்காவது, வெப்பத்தால் வரும் சிறுநீரக நோயைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கையைச் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் கொண்டு செல்வோம். கைக்கெட்டாத கனவன்று இது. கல்தூசியில் நுரையீரல் இழந்த தொழிலாளர்க்காக இராசஸ்தான் மாநிலம் 2019இல் தனிக் கொள்கையே வகுத்தது. நோய் உறுதியானதும் மூன்று லட்சம், இறந்தபின் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் என்று வரையறுத்தது. அங்கே தொழிலாளரும் அவர்தம் அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் போராடியதால் வந்தது அது. வானூர் வட்டத்தின் கருங்கல் குவாரிகளில் அதே தூசியைத் தின்னும் நம் தோழர்க்கும் அது ஒரு முன்மாதிரி. கல்லுடைப்பவனும் உப்பு வாருபவனும் ஒரே கோரிக்கையில் கைகோத்தால், எண்ணிக்கைக் காவலைத் தாண்டும் வலிமை தானே வரும்.

தோழர்களே! டார்பிடோ எண்ணெயின் வரலாறு நமக்குச் சொல்வது இதுவே: உடல் பழகிவிட்டது என்று சொல்லும்போதுதான் மிகுந்த விழிப்பு வேண்டும். வலி தெரியாத நாளே ஆபத்தான நாள். மரக்காணத்துப் பாத்தியில் அடுத்த முறை ஒரு தாய் "பழகிப்போச்சு" என்று சொன்னால், தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அந்தச் சொல்லை நோட்டுப் புத்தகத்தில் முதல் நோயாக எழுதுங்கள். பிறகு அவளிடம் கேளுங்கள்: "இன்று எத்தனை குவளைத் தண்ணீர் குடித்தீர்கள் அம்மா?" நம் அரசியல் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.